மேற்கு மேட்டுக்குப் பத்து மதிப்பெண்

குதிகாலில் வலி. காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும், நாலு அடி நடந்தால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு அடி போய், நாலு கிலோமீட்டர் மேடேறி, சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் தேறும் என்ற நிலைக்கு வந்தும் வலி போகவில்லை. கூட வந்தவர்களிடம் சொல்லவும் முடியாது. நான்தான் அந்தக் கூட்டத்தில் "உழைச்ச உடம்பு" என்று பெயர் வாங்கியவன்.

வடலங்குறிச்சியில் பழுப்பு நிலக்கரி தோண்டி முடித்துவிட்டுக் கம்பெனி போனது. தோண்டிய குழியில் தண்ணீர் நின்று ஏரியானது. குழியிலிருந்து எடுத்துக் கொட்டிய மண் மேடு மேடாகக் கிடந்து புல் முளைத்து மலையானது. சுற்றிலும் வேலி போட்டு, வாசலில் யானை பொம்மை வைத்து, சுரங்கப் பூங்கா என்று பெயர் எழுதினார்கள். அந்த யானைக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்த மண்ணைக் கொட்டியது இயந்திரம். ஓடும் பெல்ட்டிலிருந்து சிந்தியதை மம்பட்டியால் வாரி மறுபடியும் பெல்ட்டில் போட்டது என் அம்மா மாதிரியான காண்ட்ராக்ட் ஆட்கள். நானும் இரண்டு வருடம் வாரினேன். பிறகு விருத்தாசலத்துக்கு ஓடிப்போய் டயர் கடையில் சேர்ந்து, சொந்தக் கடை போட்டு, கடையை மகனிடம் கொடுத்து, சர்க்கரை வந்து, "நடங்க" என்று டாக்டர் சொல்லி, போட்டோ எடுக்கும் சங்கம் ஒன்றில் சேர்ந்து, ஐம்பத்தெட்டு வயதில் அதே மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். அன்று ஏறியதற்குக் கூலி கொடுத்தார்கள். இன்று ஏறுவதற்கு டிக்கெட் வாங்குகிறேன். இதைத்தான் என் மகன் முன்னேற்றம் என்கிறான்.

சங்கத்தின் தலைவி ஹேமலதா மேடம். புதுச்சேரியில் பல் டாக்டர், அறுபது தாண்டியவர், கனத்த உடம்பு, மேடேறவும் புடவைதான். பார்ப்பதில் எல்லாம் ஆழம் கண்டுபிடிப்பவர். பல்லைப் பார்த்தே பழகியதால் இருக்கலாம். அடுத்தவன் ஜோயல். பண்ருட்டிக்காரன், இன்சூரன்ஸ் ஏஜென்ட், வாய் மூடாதவன். மற்றவர்கள் ஐந்து பேர். நல்லவர்கள், கதைக்குத் தேவையில்லை.

பூங்காவில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களே ஒரு கேமரா தருவார்கள். விரல் ரேகை வைத்தால்தான் திறக்கும். எந்தப் பக்கம் திருப்பினாலும் திரையின் மூலையில் ஓர் எண் வரும். அதன் பெயர் அழகு. பத்துக்கு எவ்வளவு என்று காட்டும். அந்த இடத்தில் நின்று அந்தத் திசையில் எடுத்தால் எவ்வளவு அழகான படம் வரும் என்று இயந்திரம் முன்கூட்டியே சொல்கிறது. எடுத்து முடித்ததும் இறுதி மதிப்பெண் வரும். மனிதர்கள் மதிப்பெண் போட்டபோது சங்கத்தில் சண்டை வந்து இரண்டு பேர் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். இயந்திரம் போட ஆரம்பித்த பிறகு அமைதி. யாரோடு சண்டை போடுவது?

ஆனால் இயந்திரத்தின் ரசனை விநோதமானது. ஏரியில் நாரைக் கூட்டம் இறங்கினால் மூன்று. சூரியன் மறையும்போது தண்ணீர் முழுக்கச் செம்பாக மாறினால் நான்கு. மேற்கு மேட்டின் மொட்டைச் சரிவு, புல்லுகூட ஒழுங்காக முளைக்காத சாம்பல் மண், அதற்கு எட்டு. சில நாள் ஒன்பது.

"கொளஞ்சி சார், அந்த வெறுமையப் பாருங்க. அது பேசுது," என்றார் ஹேமலதா மேடம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல மேடம்."

"பிரஷர் மாத்திரை போட்டீங்களாண்ணே? போடலைன்னா காது அடைக்கும்," என்றான் ஜோயல்.

மேடம் அந்தச் சரிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, புதுச்சேரியில் ஒரு கண்காட்சியும் வைத்தார். பன்னிரண்டு படம், பன்னிரண்டிலும் அதே மண். போய்ப் பார்த்தோம். முதல் படத்தின் முன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறாவது படத்தின் முன்னால் சந்தேகம் வந்தது. பன்னிரண்டாவதற்கு வரும்போது, உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறதோ என்று நின்று பார்த்தேன். அந்த மண்ணை வாரியவன் நான். என் நகக்கண்ணில் இருந்த அழுக்கு அது. அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றேன். மதிப்பெண் போட்டால் எதையும் ரசிக்கப் பழகிவிடலாம்.

என் சாதனை அதுவரை மூன்று. பூங்கா டீக்கடை நாய் ஒன்று தூங்கும் படத்துக்கு; மேட்டை எடுத்தால் படம் கலங்கி இறுதி மதிப்பெண் இறங்கிவிடும். ஒரே ஒரு ஒன்பது வாங்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் கேமராவையே தொட மாட்டேன் என்று வேண்டாத சாமி இல்லை.

அன்று எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவள் இலக்கியா. முப்பது வயது இருக்கும். மேற்கு மேட்டின் அடிவாரத்தில் இருக்கும் காலனிதான் அவள் ஊர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த காலனி. வேறு இடமே கிடைக்காத மாதிரி, கொட்டிய மண்ணின் காலடியில் வைத்தார்கள். மற்ற நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருபவள் அன்று பேசவில்லை. வானத்தைப் பார்த்தாள், நடந்தாள், மறுபடியும் வானத்தைப் பார்த்தாள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. தோளில் ஒரு மஞ்சள் நைலான் கயிற்றுச் சுருள்.

மேற்கு மேட்டுக்கு எதிரே ஒரு மேட்டுத் திட்டில் நின்றோம். எதிரில் மொட்டைச் சரிவு. கீழே காலனியின் ஓட்டு வீடுகள். பார்வையாளர்கள் தாண்டக் கூடாது என்று கட்டியிருந்த வேலிக்கு அப்பால் திட்டு ஒரு மூக்கு மாதிரி நீண்டு போய் முடிந்தது. கேமராவை உயர்த்தினோம். எட்டு. மேடம் தன் கேமராவை மூக்கின் நுனிப்பக்கமாகத் திருப்பினார்; திரையில் நுனியைக் காட்டி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் எண்.

"பத்து!" என்று கத்தினார். "ஜோயல், இங்க பாரு, பத்து! அங்க நின்னு எடுத்தா பத்து!"

எல்லோரும் ஓடிவந்து அவர் திரையைப் பார்த்தார்கள். யாரும் இதுவரை பத்தைப் பார்த்ததில்லை. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

வேலியைத் தாண்டாதீர்கள் என்று இலக்கியா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து வேலியின் கம்பியை அவிழ்த்தாள். பிறகு கயிற்றை எடுத்துக்கொண்டு மேடத்திடம் வந்தாள்.

"மேடம், இத இடுப்புல கட்டிக்குங்க."

"எதுக்கும்மா?"

"சும்மா. காத்து அடிக்குது."

காற்று அடிக்கவில்லை. ஒரு புல்கூட ஆடவில்லை. வேலை செய்த இடத்தில் எவனாவது "சும்மா கட்டிக்க" என்று கயிற்றை நீட்டினால், அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்தது அது ஒன்றுதான்.

"இந்தாம்மா இலக்கியா," என்றேன். "போட்டோ எடுக்குறதுக்கு எதுக்குக் கயிறு? உண்மையச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். மேகத்தைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த நம்பரு அழகு இல்லண்ணே," என்றாள்.

"பின்ன?"

"மேடு நகருதான்னு பாக்குறதுக்கு மொதல்ல கம்பம் நட்டு மெஷின் வச்சிருந்தாங்க. கம்பெனி போனதும் ரிப்பேர் பாக்க ஆளில்ல, செத்துப்போச்சு. டிரோன் ஒண்ணு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்பறம் ஒருத்தரு யோசன சொன்னாரு. தெனம் எரநூறு பேரு கேமராவோட வராங்க. அவங்க எடுக்குற படத்தையே ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா, மண்ணு ஒரு விரக்கடை நகந்தாலும் தெரிஞ்சுரும். ஆனா யாரு வந்து மொட்டை மண்ண போட்டோ எடுப்பா? அதான் அழகுன்னு நம்பரு. எங்க படம் வேணுமோ அங்க நம்பரு ஏறும். சந்தேகம் சாஸ்தியானா நம்பரும் சாஸ்தி."

ஜோயல் தன் கேமராவின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தான். 

"அப்போ பத்துன்னா?" என்றான்.

"மழைக்கு முன்னாடி அந்த எடத்துலேந்து படம் வேணுமாம். அங்கேந்து பாத்தாதான் மேட்டோட இடுப்பு தெரியும். அது சரியில்லன்னா சைரன் ஊதும், நாங்க காலி பண்ணுவோம். சரியா இருந்தா ஊதாது."

"அத நீயே எடுக்கலாமேம்மா," என்றேன்.

"என் கைல குடுத்தா கேமரா மூடிக்கும்ணே. நீங்கள்லாம் வாசல்ல கையெழுத்து போட்டுட்டு உள்ள வரீங்கல்ல? நீங்க விழுந்தா பூங்காவுக்குப் பொறுப்பில்ல. நான் சம்பளம் வாங்குறவ. நான் விழுந்தா அவங்க பதில் சொல்லணும். அதனால எங்க ரேகைக்குத் தொறக்காது. வேற கேமரா படத்தையும் அது வாங்காது."

இன்சூரன்ஸ் ஏஜென்ட் தலையைச் சொறிந்தான். "நான் கூட இப்படி ஒரு பாலிசி எழுதுனதில்ல," என்றான்.

ஹேமலதா மேடம் மட்டும் வேறு உலகத்தில் இருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஏமாந்தவர்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்போ என்னோட ஒன்பது?"

"எந்த ஒம்பது மேடம்?"

"போன டிசம்பர்ல வந்தது. பெரிசு பண்ணிக் கண்காட்சியில வச்சேன். சரிவுல ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

"அது விரிசல் மேடம். உங்க படத்துலதான் மொதல்ல தெரிஞ்சுது. அன்னைக்கு சைரன் ஊதி, ஓரமா இருந்த வீடுங்கள காலி பண்ணோம். ரெண்டு வீடு மண்ணுக்குள்ள போச்சு. ஆளு போகல."

மேடம் கேமராவைக் கீழே இறக்கினார். "என்கிட்ட யாரும் சொல்லலியே."

"சொல்லியிருந்தா மறுபடி வந்திருப்பீங்களா மேடம்?"

 எங்களை ஏமாற்றி ஆபத்தின் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஏமாற்றியதால் சில வீட்டுக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இதில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் எல்லோரும் கேமராவைத் துடைத்தோம்.

மேடம் கயிற்றை வாங்கி இடுப்பில் சுற்ற ஆரம்பித்தார். இரண்டு தடவை முயன்றார். முடிச்சு விழவில்லை. அந்தக் கையால்தான் மற்றவர்கள் வாயில் ஊசி போடுகிறார்.

"குடுங்க மேடம், நான் போறேன்," என்றேன்.

காலனி ஜனங்களை நினைத்து, அம்மாவை நினைத்து, வர்க்க உணர்வோடு எழுந்தேன் என்று எழுதிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. பத்து. என் மூளைக்குள் அந்த எண்தான் மின்னிக்கொண்டிருந்தது. அது அழகு இல்லை, ஆபத்து என்று கேட்டு முழுசாகக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இருந்தாலும் பத்து பத்துதானே?

"அண்ணே, கயிறு என் கைல இருக்கு. தைரியமாப் போங்க," என்றான் ஜோயல். "போன மாசப் பிரீமியம் கட்டிட்டீங்கல்ல?"

"மூடுடா."

நடந்து போக முடியவில்லை. நாலு எட்டு வைத்ததும் மண் மெத்தை மாதிரி அமுங்கியது. குப்புறப் படுத்துத் தவழ்ந்தேன். தொப்பை தரையில் தேய்ந்தது. உழைச்ச உடம்பு ஊர்ந்து போவதைப் பின்னால் எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நுனியில் தலையை நீட்டினேன். கீழே காலனி அவ்வளவு பக்கத்தில் இருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒருத்தி வடகத்தை அவசரமாக அள்ளிக்கொண்டிருந்தாள். ஒருவன் ஆட்டைக் கயிறு பிடித்து இழுக்க, ஆடு அவனை இழுத்தது. மேலே அந்த மொட்டைச் சரிவு. இங்கிருந்து பார்த்தால்தான் அது சரிவல்ல, தொங்குகிறது என்று தெரிந்தது. 

கேமராவைக் கண்ணில் வைத்தேன். பத்து. பச்சை எழுத்தில், துடித்துக்கொண்டு. என் வாழ்க்கையில் எந்தத் தேர்வும் எனக்கு அப்படி ஒரு எண்ணைக் காட்டியதில்லை.

அப்போது மூக்குக்கு நேராக, விளிம்பு மண்ணின் பிளவில், ஒரு நெருஞ்சிப் பூ. ஒற்றைப் பூ. மஞ்சள். பின்னால் அவ்வளவு பெரிய சாம்பல் மேடு, முன்னால் ஒரு சொட்டு மஞ்சள். சங்கத்தில் முதல் வகுப்பில் மேடம் சொல்லிக்கொடுத்தது கை தானாகச் செய்தது: முன்னால் ஒன்றை நிறுத்து, பின்னால் இருப்பதைக் கரைத்துவிடு. பூவின் இதழில் ஃபோகஸ் வைத்தேன். மேடு பாலாகக் கரைந்தது. அழகாக இருந்தது. சத்தியமாக அழகாக இருந்தது. மூச்சைப் பிடித்து ஒரே ஒரு கிளிக். சடசடவென்று சுட்டுத் தள்ளுகிறவன் கலைஞன் இல்லை என்பதும் எங்கள் சங்கத்து விதி.

அடுத்த நொடி நெஞ்சுக்குக் கீழே மண் இல்லை. பூ போனது, கேமரா போனது, நானும் பாதி போனேன். இடுப்பில் கயிறு இறுகி, மூச்சு நின்று, எட்டுப் பேரும் "ஏலே, இழு, இழு" என்று கத்தியதும், சட்டை பொத்தானெல்லாம் தெறித்ததும் நினைவிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து மல்லாந்து கிடந்தேன். திரும்பிப் பார்த்தால் திட்டுக்கு மூக்கு இல்லை.

கேமரா விழுவதற்கு முன்பே படம் அதிலிருந்து அனுப்பப்பட்டுவிட்டிருந்தது. சங்கத்தார் எல்லோருடைய திரையிலும் வந்தது. ஹேமலதா மேடம் பார்த்தார். கண் கலங்கியது.

"கொளஞ்சி சார்," என்றார். "இது... இத நான் எடுத்திருக்கணும்."

ஜோயல் எட்டிப் பார்த்து விசிலடித்தான். நான் கிடந்தபடியே, "மார்க்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

 ஜோயல் திரையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். பூச்சியம்.

இலக்கியா ஜோயல் கையிலிருந்த திரையைக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவனைப் பெரிதாக்கச் சொன்னாள். மேடு இன்னும் பெரிய பாலானது.

"பூவு நல்லா விழுந்திருக்குண்ணே," என்றாள். "மேடு கரைஞ்சுபோச்சு. இத வச்சு அதுக்கு ஒண்ணும் தெரியாது. வேற எடுத்தீங்களா?"

"இல்லம்மா."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காலனிப் பக்கமாக இறங்கி ஓடினாள்.

முதலில் அவள் பின்னால் போனது ஹேமலதா மேடம். அந்த உடம்போடு, அந்தப் புடவையோடு. பிறகு நாங்கள் எல்லோரும். வெட்கம் தள்ளிக்கொண்டு போனது.

காலனியில் இலக்கியா வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். "வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம், மழைக்கு முன்னாடி."

ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "சைரன் ஊதுச்சா?"

"இல்ல பெரிப்பா."

"அப்பறம்?"

"எனக்கு சரியாப் படல."

"போன வருஷமும் உனக்கு சரியாப் படல. பள்ளிக்கூடத்துல போயி படுத்தோம். கொசு கடிச்சதுதான் மிச்சம். திரும்பி வந்தா எங்க ஆட்டக் காணோம். சைரன் ஊதட்டும், மொத ஆளா வரேன்."

வடகம் அள்ளியவள் எங்களைப் பார்த்தாள். "இவங்கள்லாம் யாரு?"

"போட்டோ எடுக்க வந்தவங்க."

"எடுத்துட்டாங்களாமா?"

இலக்கியா என்னைப் பார்க்காமல், "ஒண்ணு எடுத்தாங்க, சரியா விழல," என்றாள்.

மேடம் பல் டாக்டர் குரலில் அதட்டி, கெஞ்சி, ஒரு கிழவியைத் தன் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனார். ஜோயல் இரண்டு குழந்தைகளைத் தூக்கிக்கொண்டான். பாதிக் காலனி வந்தது. பாதி வரவில்லை. வந்தவர்கள் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தார்கள்.

மழை வந்தது. முகம் கழுவக்கூடக் காணாத தூறல். வந்த வேகத்தில் நின்றது. மேடு அசையவில்லை. வந்தவர்கள் இலக்கியாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். அடுத்த தடவை அவள் கதவைத் தட்டினால் எத்தனை பேர் வருவார்கள் என்று அந்தப் பார்வையிலேயே எழுதியிருந்தது.

என் படத்துக்குச் சங்கத்தில் அந்த வருடத்துப் பரிசு கிடைத்தது. இயந்திரத்தை விட்டுவிட்டு மறுபடி மனிதர்களே மதிப்பெண் போட்டார்கள். படம் இப்போது மேடத்தின் கிளினிக்கில், பல்வலிக்காரர்கள் உட்காரும் இடத்தில் மாட்டியிருக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பார்ப்பவர்கள் பூவைப் பாராட்டுகிறார்களாம். மேடம் மொட்டை மேட்டைப் பற்றி எழுதுவதில்லை. மாதம் ஒரு தடவை போய், இயந்திரம் எங்கே எட்டு காட்டுகிறதோ அங்கே நின்று, ரசனை எதுவும் கலக்காமல் எடுத்து அனுப்பிவிட்டு வருகிறார். விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று சங்கத்தில் முடிவெடுத்தோம். சொன்னால் ஜனங்கள் வர மாட்டார்கள். இதையெல்லாம் இங்கே எழுதுகிறேனே என்று கேட்டால், அறிவியல் கதை என்று பெயர் போட்டுவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

போன வாரம் இலக்கியா போன் செய்தாள்.

"அண்ணே, இடிஞ்ச எடத்துக்கு உள்பக்கமா புதுசா ஒரு எடம் காட்டுது. பத்து. மேடம்கிட்ட சொல்லல, அவங்க வயசுக்கு வேணாம். ஐப்பசி மழைக்கு முன்னாடி வந்துட்டுப் போறீங்களா?"

"வரேம்மா. ஞாயித்துக்கெழம."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் கடையில் சரக்கு இறங்கியது. நான் இல்லாமலே இறங்கியிருக்கும். இன்று காலை அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அடுத்த ஞாயிறு என்றேன். "சரிண்ணே, கயிறு எங்கிட்ட இருக்கு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

வெளியே ஈரக்காற்று அடிக்கிறது. அடிவாரக் காலனிக்கு நான் ஒரு படம் பாக்கி. மேடு தெளிவாகத் தெரிகிற ஒரு படம்.